எட்டு நாற்பது பஸ்

எங்கள் நகர் முகப்பில் ஒரு சிமென்ட் ஆர்ச் இருக்கிறது. தினமும் காலை எட்டு நாற்பதுக்கு அதன் முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போகும். ஏறுவது இரண்டு பேர், மூன்று பேர். மழை நாளில் அதுவும் கிடையாது. வீட்டுக்கு இரண்டு வண்டி நிற்கிற தெருவில் யார் பஸ் ஏறப்போகிறார்கள்? அந்த பஸ் வந்ததற்கு நான்தான் காரணம் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் வாயைப் பொத்தலாம் போல இருக்கும்.

முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் மனுக்களோடு குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி ஆபீஸ் தமிழ். "மேற்காண் பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்தால் பேனா தானாக ஓடும். அதில் எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே கர்வம் உண்டு. ஓய்வுக்குப் பிறகு அவனியாபுரம் தாண்டி இந்த நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ரிங் ரோட்டிலிருந்து ஒரு தார் ரோடு கிளம்பி, ஒரு கிலோமீட்டரில் எங்கள் ஆர்ச்சைத் தொடும். அதே ரோடு இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்க் கண்மாய்க்கரைக் காலனியில் முடியும். காலனி ஒன்று அங்கே இருப்பதே, குடிவந்து ஒரு வருஷம் வரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அங்கே மகளிர் குழுத் தலைவி. கப்பலூரில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் சரக்குத் தள்ளுகிற டிராலி இடது முழங்காலில் மோதியதில் ஜவ்வு கிழிந்துவிட்டது. கட்டுப் போட்டுத் தேற்றியாயிற்று, ஆனால் கால் பழைய கால் இல்லை. மனு எழுத நல்ல ஆள் இங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஷிப்ட்டு ஏழு மணிக்குக்கா. ஏழு பத்துக்குக் கேட்டைச் சாத்திருவாக. முன்னயெல்லாம் ரிங் ரோட்டுக்கு இருவத்தஞ்சு நிமிசத்துல நடந்துருவேன். இப்ப முக்கா மணி நேரமாகுது. இந்த மாசம் மூணு தடவ கேட்டுலேயே திருப்பி அனுப்பிட்டாக. இனி லேட்டா வந்தா வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆச்சே" என்றேன், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

"டிக்கெட் இல்லைங்குறாக. பஸ்ஸு இருந்தாத்தானக்கா டிக்கெட் இல்லாம போக?" என்று சிரித்தாள். காலனியிலிருந்து அவளைப் போலக் கப்பலூருக்குப் போகிற பெண்கள் நிறைய. அவளுக்குத்தான் கால் போய்விட்டது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து கப்பலூர் போகிற பஸ் ஒன்று, காலை ஆறேகாலுக்குக் காலனிக்குள் வந்து போக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஒரு மகளிர் குழு கேட்டால் பஸ் வராது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி மனுக்களை எந்தக் கட்டில் செருகுவார்கள் என்பதும் தெரியும். நாலு சங்கம் சேர்ந்து கேட்டால் ஃபைல் நகரும் என்று நான்தான் யோசனை சொன்னேன். மெயின் ரோட்டுப் பட்டறைக்காரர்கள் சங்கம் வந்தது. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டும் வந்ததுதான் ஆச்சரியம். "பஸ் வந்தா உங்க பொழப்பு கெட்டுராதா?" என்று ஸ்டாண்டுத் தலைவரைக் கேட்டேன். "அந்தப் பக்கம் ஆளை எறக்கிட்டுக் காலியாத்தேன் திரும்பி வாரேன்க்கா. எம் பொண்டாட்டியும் கப்பலூருதேன் போறா. தெனமும் காலைல அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிறது எனக்குத்தேன் தெரியும்" என்றார். கடைசியாக எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தையும் இழுத்து வந்தேன். எங்கள் தலைவர் பேங்கில் மேனேஜராக இருந்தவர். நல்ல மனுஷர். ஆனால் எதிலும் நமக்கு என்ன என்று கேட்காமல் விடமாட்டார்.

கூட்டம் முறை வைத்து ஒவ்வொரு சங்கத்தின் இடத்திலும் நடந்தது. பட்டறையில் நடந்தபோது எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஸ்டாண்டில் நின்றுகொண்டே பேசினோம். காலனியில் நடந்தபோது அந்தப் பெண் எனக்காக எங்கிருந்தோ ஒரு குஷன் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், டம்ளரில் டீ கொடுத்தாள். எங்கள் நகர் ஹாலில் நடந்தபோது எல்லாருக்கும் பேப்பர் கப் வைத்திருந்தார் தலைவர். கழுவ ஆளில்லை என்றார். எங்கள் சங்கக் கூட்டங்களில் எவர்சில்வர் டம்ளர்தான் வைப்போம், அதைக் கழுவ ஆள் இருக்கும். நான் கவனித்தேன். பெரிய காரியம் நடக்கும்போது டம்ளருக்குச் சண்டை போடுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மற்றபடி ஒற்றுமைக்குக் குறைவில்லை, நாலும் சேர்ந்த கூட்டமைப்புக்கு லெட்டர் பேடும் ஃப்ளெக்ஸும் அடிக்கலாம் என்று பேச்சு வரும்வரை. எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வருவது? பட்டறைச் சங்கம் தான்தான் பழசு என்றது. எங்கள் தலைவர் பதிவு எண் உள்ளது எங்களுடையது மட்டும்தான் என்றார். அகர வரிசையில் போடலாம் என்றேன். அப்படிப் போட்டால் ஆட்டோ ஸ்டாண்டு முதலில் வருகிறது, அதைப் பட்டறைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப வட்டமா போட்டுருவோம்ணே, முன்னே பின்னே இருக்காதுல்ல" என்றார் ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர். எல்லாரும் கை தட்டினோம். ஃப்ளெக்ஸ் கடையில் வட்டமாகவே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுவந்து விரித்தால், வட்டத்தின் உச்சியில் யார் பெயர் இருப்பது என்று சண்டை. காலனிப் பெண் மட்டும் சண்டை போடவில்லை. அவர்கள் குழுவின் பெயர் அடியில், தலைகீழாக இருந்தது. "எப்படி இருந்தாலும் பஸ்ஸு வந்தாச் சரி" என்றாள்.

அப்போதுதான் என் முப்பத்து மூன்று வருஷ மூளை வேலை செய்தது. ஒரே மாதிரி மனு பத்து வந்தாலும் ஆபீசில் ஒன்றாகக் கட்டி ஒரே நம்பர் போட்டு ஒரே பதில் அனுப்புவார்கள். நானே அப்படித்தான் செய்திருக்கிறேன். நாலு சங்கமும் தனித்தனி லெட்டர் பேடில், தனித்தனி வாசகத்தில் எழுதினால் நாலு நம்பர் விழும், ஃபைல் கனக்கும், மேலே இருப்பவர்கள் பார்த்தே ஆகவேண்டும். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. யார் பெயர் முதலில் என்ற தலைவலியும் ஒழிந்தது. "மேடம்னா மேடம்தான்" என்றார் எங்கள் தலைவர். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வாரம் எங்கள் சங்கத்தின் கூட்டம் தனியாக நடந்தது. ஆறேகாலுக்கு பஸ் என்றதும் முதல் வீட்டுக்காரர் எழுந்தார். "காலங்காத்தால ஆர்ச்ல நின்னு ஹாரன் அடிச்சா யார் தூங்குறது?" என்றார். ரோட்டோரத்து வீடுகள் எல்லாம் அவரோடு சேர்ந்துகொண்டன. எட்டரைக்கு மேலே என்றால் ஆட்சேபணை இல்லை, இல்லாவிட்டால் கையெழுத்துக் கிடையாது. நான் கணக்குப் போட்டேன். காலனிக்குப் போகிற பஸ் எப்படியும் ஆர்ச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறேகாலுக்கு மற்ற மூன்று மனுவும் கேட்கின்றன. எங்கள் மனு வேறு நேரம் கேட்டால் பஸ் இரண்டு நடை வரும், லாபம்தானே? எங்கள் பேடில் எழுதினேன். ஆர்ச் முன்பு நிறுத்தம், ரோட்டின் அகலம் இத்தனை அடி, பஸ் திரும்ப வசதியான இடம் உண்டு, உகந்த நேரம் காலை எட்டு நாற்பது. டேப் வைத்து நானே அளந்தேன். காலனி என்ற வார்த்தையை எழுதினேனா? இல்லை. எங்கள் சங்கம் எங்கள் உறுப்பினர்களுக்காகக் கேட்கிற மனு, அதில் காலனி எதற்கு என்று தோன்றிற்று. சத்தியமாக எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மற்ற மூன்று மனுக்களையும் வாங்கிப் பார்த்தேன். பட்டறைச் சங்கம் பட்டறை வாசலில் நிறுத்தம் கேட்டிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்குப் பத்தடி தள்ளி. காலனிக் குழு, காலனி முனையில் இருக்கும் மைதானத்தில். ஆறேகாலும் ஆளுக்கு ஆள் ஆறு, ஆறரை என்று நகர்ந்திருந்தது. நான் எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். பிழைகளை மட்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு எல்லாரும் போனோம். வாசலில் போலீஸ்காரப் பெண் காலனிப் பெண்ணின் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார், மண்ணெண்ணெயோ என்று. "குடிக்கிற தண்ணித்தேன்க்கா" என்று அவள் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். நாலு மனு, நாலு ரசீது. அவள் தன் ரசீதைக் கண்ணில் ஒற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். கால் அவ்வளவு மோசம். "இன்னும் கொஞ்ச நாளுதேன்" என்றாள், எனக்குச் சொன்னாளோ காலுக்குச் சொன்னாளோ.

அந்தக் கொஞ்ச நாளில் அவள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுந்தது நாலு மணிக்கு. ஐந்தரைக்கே நடக்கத் தொடங்கிவிடுவாள். நான் வாசல் தெளிக்கும்போது ஆர்ச்சைத் தாண்டி மெதுவாகப் போவது தெரியும். கையைத் தூக்கிக் காட்டுவாள்.

பிறகு ஒரு நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்தார்களாம். நான் ஊரில் இல்லை. எங்கள் தலைவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, பஸ் திரும்புகிற இடத்தைக் காட்டியிருக்கிறார். ஜீப் ஆர்ச்சைத் தாண்டவில்லை.

பஸ் வந்த நாளில் ஆர்ச்சில் வாழைமரம் கட்டினார்கள். டிரைவருக்கு மாலை, எனக்குச் சால்வை. "நம்ம மேடத்தின் பேனாவுக்குக் கிடைத்த வெற்றி" என்று தலைவர் மைக்கில் சொன்னார். காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, வந்தவர்களுக்குக் கொடுக்கச் சாக்லேட் பாக்கெட் வாங்கி வந்திருந்தாள். தேங்காய் உடைத்தார்கள். பஸ் முன்னால் போய், பின்னால் வந்து, அழகாகத் திரும்பி, ரிங் ரோட்டைப் பார்த்து நின்றது.

"அண்ணே, இது அங்கிட்டு வராதா?" என்று அவள் ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவரைக் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தேன். அவள் சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்து, எல்லாருக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

மறுநாளே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து ஃபைலைத் திறந்தார். என் மனு மேலே இருந்தது, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு.

"நாலு சங்கமும் நாலு இடம், நாலு நேரம் கேட்டிருக்காங்க மேடம். எங்களுக்கு ஒரு நடைதான் போட முடியும். உங்க மனுதான் தெளிவா இருந்துச்சு. அகலம், திரும்புற இடம், நேரம் எல்லாம் போட்டு, அப்படியே ஆர்டர் போடுற மாதிரி. இப்படி மனு வந்தா எங்களுக்கு வேலையே இல்லை."

நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸைத்தான் கேட்டோம் என்றேன். நாலு பேரும் ஒரே கூட்டமைப்பு என்றேன். "அப்படி எந்தப் பேப்பர்லயும் இல்லையே மேடம்" என்றார். உண்மைதான். கூட்டமைப்பு என்ற ஒன்று இருந்ததற்கு ஒரே அத்தாட்சி, என் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த அந்த வட்ட ஃப்ளெக்ஸ்தான்.

திரும்ப மனு எழுதினேன். இந்தத் தடவை காலனிக்காக, ஆறேகாலுக்காக மட்டும். ஒரு மாதத்தில் பதில் வந்தது. "மனுதாரரின் கோரிக்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டு உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டுள்ளதால், மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை." படித்ததும் தெரிந்துவிட்டது. இது என் வாக்கியம். எங்கள் ஆபீசில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். நிராகரிக்கிறோம் என்று எழுதினால் மேல்முறையீடு வரும், ஏற்றுக்கொண்டோம் என்று எழுதிவிட்டால் எவரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்! இன்னொரு மனு, அதே பதில். இன்னொன்று, அதே பதில்.

கூட்டமைப்பைக் கூட்டினேன். பட்டறைச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பஸ் போகிற வழியில் கை காட்டினால் அவர்கள் வாசலில் நிற்கிறது. ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் வந்தார். மனைவிக்கு வில்லாபுரத்தில் துணிக்கடையில் வேலை கிடைத்துவிட்டதைச் சொல்லி, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நேரத்தையாவது மாற்றச் சொல்லி எங்கள் சங்கம் ஒரு கடிதம் தரட்டும் என்று எங்கள் தலைவரிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றால் உண்மையிலேயே கெஞ்சினேன். "வந்த பஸ்ஸையும் கெடுத்துடாதீங்க மேடம்" என்றார். அந்த பஸ்ஸில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் ஆர்ச் முன்னால் பஸ் நிற்பதால் மனை விலை ஏறியிருக்கிறது என்று தரகர் யாரோ சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மடக்கி, சுவரோரம் சாத்திவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் காலை வாசல் தெளிக்கும்போது ரோட்டில் அவள் இல்லை. மறுநாளும் இல்லை. காலனிக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், போகவில்லை. போனால் அந்தக் குஷன் நாற்காலியைப் போடுவாள் என்று பயமாக இருந்தது. கேட்டில் நாலாவது தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு மணி அடித்தது. அவள்தான். "வாம்மா, உள்ள வா" என்று சோபாவைக் காட்டினேன். மனு விஷயமாக வந்துபோன நாட்களில் அவள் வழக்கமாக உட்கார்கிற இடம். அவள் செருப்பை வெளியே விட்டாள், உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"மேடம், மூணாவது தெருவுல ரெண்டு வீட்டுல பாத்திரம் கழுவச் சேந்துட்டேன். இதுன்னா காலனில இருந்து மெதுவா நடந்து வந்துரலாம், கேட்டைச் சாத்த மாட்டாக. உங்க வீட்டுக்கும் ஆள் வேணும்னு சொன்னாகளே, அதேன் கேட்டுப் போகலாம்னு வந்தேன்."

மேடம் என்றாள். அதுவரைக்கும் அக்காதான்.

எனக்கு ஆள் வேண்டித்தான் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு ஒரு வீடு குறையும். சரி என்று சொன்னால் என் வீட்டுச் சமையலறையில் வந்து நிற்பாள். என்ன சொன்னாலும் தப்பு. இன்னொரு மனு எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

"வேண்டாம் மேடம், நீங்களும் எம்புட்டுத்தேன் எழுதுவீக" என்றாள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"சரி" என்றேன்.

"அப்ப நாளைக்கு எட்டரைக்கு வாரேன்."

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டே கழுவினாள், உடம்பின் பாரத்தை வலது காலில் போட்டு. ஸ்டூல் கொண்டுவந்து வைத்தேன், தள்ளி வைத்துவிட்டாள். முதல் நாள் என்பதால் எந்தப் பாத்திரம் எங்கே என்று காட்டிக்கொண்டு நானும் பக்கத்திலேயே நின்றேன். ஆர்ச் பக்கமிருந்து ஹாரன் கேட்டது, இரண்டு தடவை. அவள் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைக் குழாயில் காட்டிக்கொண்டே, "பஸ்ஸு வந்துருச்சு மேடம்" என்றாள்.

நான் எழுதிக் கேட்ட நேரத்துக்கு, ஒரு நிமிஷம் பிசகாமல்.